தாய்மாமன் படம் பிறகு வரும்

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டர் சொல்லித்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன். எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். "கோவம் வந்தா கத்தாதீங்க சன்னாசி. அப்பிடியே ஒரு நோட்டுல எழுதி வச்சிருங்க, பாதி குறைஞ்சிரும்" என்றார். அவருக்குப் பிளக்ஸ் கடை இல்லை. இருந்தால் அவரும் கத்துவார்.

என் மனைவி வேணி, நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்றை எடுத்துத் தந்தாள். ஜூலை வரைக்கும் உள்ள பக்கங்களில் கோலம் வரைந்து பழகியிருக்கிறாள். மிச்சம் எனக்கு.

இன்றைய கோபம் பென்டிரைவ். சின்னமனூரில் பதினாறு வருடமாகக் கடை நடத்துகிறேன். டிசைன் போடும் நஸ்ரினிடம் மேக் கணினி. பிரிண்டிங் அறையில் மொக்கராசுவிடம் அரதப் பழைய விண்டோஸ். கவுண்டரில் என்னிடம் அதைவிடக் கொஞ்சம் புதிய விண்டோஸ். நஸ்ரின் முடித்துக் கொடுப்பதை மொக்கராசு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய் அடிப்பான். அந்தப் பென்டிரைவ் ஊரிலுள்ள வைரஸ்களுக்கெல்லாம் தாய்வீடு. இன்று அதிலிருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போக, இவன் எதையோ திறந்து எதையோ அடித்துவிட்டான். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் பூப்புனித நீராட்டு விழாவின் பின்னணி. இறந்துபோன பெரியவரைச் சுற்றிப் பட்டாம்பூச்சியும் ரோஜாப்பூவும் இதய வடிவ பலூனும்.

வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, அப்பா இம்புட்டுச் சந்தோசமா நாங்க பாத்ததே இல்ல" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனாலும் நான் கத்தினேன். கத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருக்கும் அறவாழி ஒரு பேனர் அடிக்க வந்தார். கட்டற்ற மென்பொருள் விழாவாம். கட்டற்ற என்றால் காசு கட்ட வேண்டாம் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். அவர் அப்படி இல்லை என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். கடைசியில் காசும் கட்ட வேண்டாம் என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பென்டிரைவ் கதையைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, அதில் சாம்பா என்றொரு மென்பொருளை ஏற்றித் தருகிறாராம். மூன்று கணினிகளும் ஒரே ஃபோல்டரைப் பார்க்கலாம், பென்டிரைவே வேண்டாம். கூலி கேட்டேன். "டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் போதும் சார்" என்றார். எத்தனை பஜ்ஜி என்று சொல்லவில்லை. ஏழு சாப்பிட்டார்.

என் கணினியில் கைவைத்தபோது மட்டும் ஒன்று சொல்லி வைத்தேன்: "வாத்தியாரே, எதை வேணா மாத்துங்க, கடிகாரத்தை மட்டும் தொட்றாதீங்க." எங்கள் கடையில் சுவர்க் கடிகாரம், என் கைக்கடிகாரம், கவுண்டர் கணினி எல்லாமே அரைமணி நேரம் முன்னால் ஓடும். அப்படி வைத்தால்தான் ஆட்கள் நேரத்துக்கு வருவார்கள். இன்டர்நெட்டைப் பார்த்துக் கணினி தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளும் புத்தியையும் நானே கண்டுபிடித்து அணைத்திருக்கிறேன். எனக்குக் கணினி தெரியாது என்று நஸ்ரின் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மேக்குக்கு லினக்ஸ் தெரிகிறது. லினக்ஸுக்கு என் கணினி தெரிகிறது. என் கணினிக்கு யாருமே தெரியவில்லை. மொக்கராசுவின் கணினி கடவுச்சொல் கேட்கிறது, கொடுத்தால் தப்பு என்கிறது, மறுபடி கேட்கிறது.

"ஒரே கூரைக்கு அடியில இருக்காங்க சார், ஆனா பேச்சுவார்த்தை இல்ல" என்றார் அறவாழி.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்று தெரியவில்லை. வெயிலாக இருக்கும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விஷயம் இதுதானாம். மொக்கராசுவின் பழைய விண்டோஸுக்குப் பழைய பாஷை மட்டுமே தெரியும். சாம்பா புதிய பதிப்பு, பாதுகாப்புக்காக அந்தப் பாஷையில் பேச மாட்டேன் என்கிறது. அறவாழி லினக்ஸில் ஒரு வரி சேர்த்து, பரவாயில்லை, இவனிடம் மட்டும் பழைய பாஷையிலேயே பேசு என்று சொல்லிவைத்தார். உடனே திறந்துவிட்டது. மொக்கராசு கைதட்டினான்.

சாயங்காலம் அடுத்த வம்பு. மேக் எந்த ஃபோல்டருக்குள் போனாலும் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் புள்ளியில் ஆரம்பிக்கும் குட்டிக் கோப்பு ஒன்றை விட்டுவிட்டு வருகிறது. மொக்கராசு யோசிக்காமல் அவற்றையும் அடிக்கக் கொடுத்தான். மெஷின் மூச்சுமுட்டி நின்றது. நஸ்ரினைக் கேட்டால், "மேக் அப்பிடித்தாண்ணே, போற எடத்துல எல்லாம் வந்துட்டுப் போன அடையாளம் வைக்கும்" என்கிறாள். அறவாழி அந்தக் குட்டிகள் மொக்கராசுவின் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார். பஜ்ஜி ஐந்து.

ஆகஸ்ட் 16, சனி

எனக்கு ஒரு பயம். மூலையில் உள்ள லினக்ஸ் படுத்துக்கொண்டால் எல்லா டிசைனும் போச்சே. என் கணினியிலும் ஒரு நகல் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அறவாழி அதற்கும் ஒரு கட்டற்ற மென்பொருள் போட்டார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என் நகலையும் லினக்ஸில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். எது கடைசியாகச் சேமிக்கப்பட்டதோ அது மற்றதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும்.

நல்ல ஏற்பாடு. ஒரு வாரத்துக்குப் பிறகு இன்று யாரையும் திட்டவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பைபாஸில் கடை வைத்திருக்கும் பரமன் போன் செய்தான். அவனுடைய மெஷினில் மை பீய்ச்சும் ஹெட் அடைத்துக்கொண்டதாம். முகூர்த்த சீசன், பார்ட்டிகளைத் திருப்பி அனுப்ப முடியாது, நாலு வேலையை அடித்துக் கொடு என்றான். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். ஒருவன் மெஷின் படுத்தால் இன்னொருவன் அடித்துக் கொடுப்பான். எங்கே அடித்தது என்று பார்ட்டிக்குத் தெரியாது.

நாலில் மூன்று கல்யாணம். நாலாவது காதணி விழா, முப்பத்தொன்றாம் தேதி, ஞாயிறு. பிள்ளையின் பெயர் இதழினி. தகப்பன் பெயர் குபேந்திரன். தாயார் போதுமணி.

போதுமணி என் தங்கை.

தாய்மாமன் என்று எழுதி, பக்கத்தில் பரமன் குறித்திருந்தான்: படம் பிறகு வரும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. பேனா சரியில்லை.

இதுவரை எழுதாததால் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை குபேந்திரனோடு எனக்கு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் சாதாரணமானதல்ல. புதுவீடு கட்டிக் குடிபோனபோது, சொந்த மச்சான் பிளக்ஸ் கடை வைத்திருக்க, பேனரைப் பரமனிடம் அடித்தார். ஊரே பார்த்தது. பேனரின் கீழே மூலையில் பரமன் கடையின் போன் நம்பர். நான் விருந்து சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். அண்ணனா புருஷனா என்று வந்தபோது போதுமணி பேசாமல் நின்றாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பிள்ளை பிறந்தபோது போன் வந்தது. வேணி எடுத்தாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வெகுநேரம் குளித்தேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. நான் பார்த்ததில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான், உயிரோடு இருக்கிறேன், இதே ஊரில் இருக்கிறேன். எவன் மடியிலோ உட்காரவைக்கப் போகிறார்கள். எழுதினால் கோபம் பாதி குறையும் என்ற டாக்டரைத்தான் முதலில் திட்ட வேண்டும்.

சாயங்காலம் நஸ்ரின் முதல் டிசைனைப் போட்டு முடித்தாள். என் கணினியில் திறந்து பார்த்தேன். நடுவில் பிள்ளை. இரண்டு பக்கமும் பெற்றவர்கள். மேலே தாய்மாமன் என்ற வட்டத்துக்குள் நான் இருக்கிறேன்.

தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது. பார்ட்டியின் படம் வரத் தாமதமானால் அந்த இடத்தில் என் படத்தை வைத்துக்கொள்வது எங்கள் கடைப் பழக்கம். நாலு வருடம் முன்பு வாக்காளர் அடையாள அட்டைக்கு எடுத்தபோது தும்மல் வந்து, தும்முவதற்கு முன் சிரித்த மாதிரி ஆகிப்போன படம். பாதி ஊரின் மாப்பிள்ளைகளுக்கு நான்தான் தற்காலிக மாப்பிள்ளை.

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

காதணி டிசைனில் எழுத்துப்பிழை பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காதணி டிசைனில் மறுபடி பார்த்தேன். எழுத்து சரியாக இருக்கிறது. தாய்மாமன் வட்டம்தான் கொஞ்சம் சின்னதாகப்பட்டது. இழுத்து ஒரு சுற்றுப் பெரிதாக்கினேன். படம் யாருடையதாக இருந்தாலும் அளவு பொருத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூடும்போது, மாற்றத்தைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. அது மரியாதையாகக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பிள்ளைக்கு என் அம்மாவின் நெற்றி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சோறு போடும்போது வேணி, "இந்த ஆவணியில நம்ம பக்கம் விசேசம் ஒண்ணும் இல்லையாங்க?" என்றாள். இல்லை என்றேன். "சரி" என்றாள். அவள் சரி என்று சொல்லும் விதமே சரியில்லை. பட்டுப்பாவாடை என்ன விலை என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கேட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

தாய்மாமன் படம் வந்துவிட்டது. எங்கள் சித்தப்பா மகன் ராஜாங்கம். பெரியகுளத்தில் உரக்கடை. ஒன்றுவிட்ட தாய்மாமனாம். நல்ல மனிதர்தான். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் கோணல்.

"அண்ணே, போட்டோ வந்துருச்சு, மாத்திரட்டுமா?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"ஒரு நிமிசம் இரு" என்றேன். கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சுற்று பொருத்தம் பார்த்து, மூடினேன். "இப்ப மாத்திக்க."

மாற்றினாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வட்டத்துக்குள் மறுபடி நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"மாத்துனேண்ணே. இந்தக் கண்ணால பாத்தேன்" என்றாள். இது சாம்பாவின் கோளாறு என்று சொல்லிவிட்டேன். காசில்லாமல் வந்த பொருள் வேறு எப்படி இருக்கும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அறவாழி வந்தார். யார் யார் எழுதலாம் என்ற அனுமதிகளைப் பார்த்தார். யாராவது கோப்பைப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தார். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். இரண்டு வயரைக் கழற்றித் துடைத்துச் சொருகினார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். இப்ப மாத்தச் சொல்லுங்க."

நஸ்ரின் மாற்றுவதற்கு முன்னால் நான் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு மாற்றினாள். நாங்கள் நாலு பேரும் திரையைச் சுற்றி நின்றோம். ராஜாங்கம் வந்தார். எல்லோரும் மூச்சுவிட்டோம். பஜ்ஜி வந்தது. பஜ்ஜி தீர்வதற்குள் ராஜாங்கம் போய் நான் வந்துவிட்டேன்.

"யாரோ பழசைக் கொண்டாந்து மேல போடுறாங்க சார்" என்றார் அறவாழி.

"யாருங்க அது?" என்றேன். எனக்கே கோபம் வந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நஸ்ரினுக்கு மொக்கராசு மேல் சந்தேகம். மொக்கராசுவுக்கு மேக் மேல் சந்தேகம். "அந்த மிசினு வந்ததுல இருந்தே கடைக்கு நேரஞ்சரியில்லண்ணே" என்று சொல்லி, வயர்கள் எல்லாம் கூடும் பெட்டியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினான். லினக்ஸுக்குச் சந்தனம் வைத்தான். மேக்குக்கு வைக்கப் போனபோது நஸ்ரின் ஸ்கேலை எடுத்துவிட்டாள்.

அவள் வேறொரு யோசனை சொன்னாள். "புதுப் பேர்ல சேமிச்சு வைக்கிறேண்ணே, பழசு கெடந்துட்டுப் போகுது." நான் விடவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு கோப்பு இருந்தால் மொக்கராசு எதை அடிப்பான் என்று ஆண்டவனுக்கே தெரியாது. பலூனுக்கு நடுவில் இருந்த பெரியவரை நினைவுபடுத்தினேன்.

எலுமிச்சம்பழம் கட்டிய பிறகு மாற்றிப் பார்த்தாள். அதற்கு முன் நான் ஒருமுறை பார்த்தேன், எழுத்துப்பிழைக்காக. மறுபடியும் நான்தான் வந்தேன். போன தடவையைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்தேன் என்று நஸ்ரின் சொல்கிறாள். அவளுக்குக் கண் களைத்திருக்கும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பரமன் அவசரப்படுத்துகிறான். இன்று எப்படியும் அடித்தாக வேண்டும். சாயங்காலம் நஸ்ரின், "அண்ணே, இதுதான் கடைசி, மாத்திட்டு மாடலை அனுப்பிட்டு பஸ்ஸுக்குப் போறேன்" என்றாள். கடைசி என்றதால் நானும் கடைசியாக ஒரு முறை பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். மனிதன் தன் கடை வேலையைத் தானே பார்க்கக் கூடாதா.

அவள் மாற்றினாள். ராஜாங்கம் சரியாக உட்கார்ந்திருந்தார். அந்த மாடலைப் பரமனுக்கு அனுப்பினாள். பரமன் பார்ட்டிக்கு அனுப்பினான். சரி என்று பதில் வந்தது. நஸ்ரின் பஸ்ஸுக்குப் போனாள். எனக்குத் தலைவலி. மொக்கராசுவிடம் அடித்து, ஓரம் மடித்து, பரமன் கடையில் சேர்த்துவிடச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாம்பா ஒருவழியாகச் சரியாகிவிட்டது. நிம்மதி. இதைப் பெரிய நிம்மதி என்று சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 30, சனி

இன்று சாயங்காலம் பைபாஸ் மண்டபம் வழியாகத் தற்செயலாகப் போனேன். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் பைபாஸ் இல்லை. ஆனாலும் போனேன்.

மண்டப வாசலில் பேனர் கட்டியிருந்தது. இருபதடி அகலம், பத்தடி உயரம். பிள்ளையின் முகம் ஒரு தாம்பாளம் அளவு. என் முகம் மாட்டுவண்டிச் சக்கரம் அளவு. தும்முவதற்கு முன் சிரிக்கிறேன். வண்டியில் போகிறவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்ன சன்னாசி, எலக்சன்ல நிக்கிறீரா?" என்றார்.

கடைக்கு ஓடி வந்து மொக்கராசுவைப் பிடித்தேன். "ஏன்டா, அடிக்கும்போது மூஞ்சியைப் பாக்கலையா?"

"பாத்தேண்ணே."

"பாத்துட்டுமா அடிச்ச?"

"அதுல என்னண்ணே தப்பு? நீங்கதான தாய்மாமன்."

பிடித்த கையை விட்டுவிட்டேன், கத்தவில்லை. டாக்டர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அறவாழியை வரவழைத்தேன். அவர் இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சார், இப்ப மணி என்ன?"

சுவரைப் பார்த்து ஏழு என்றேன். அவர் தன் போனைக் காட்டினார். ஆறரை.

"உங்க கம்ப்யூட்டர் அரைமணி நேரம் எதிர்காலத்துல இருக்கு சார். நீங்க சேமிச்சு முடிச்ச பிறகுதான் நஸ்ரின் மாத்துறாங்க. ஆனா உங்களோட கோப்பு அரைமணி கழிச்சுச் சேமிச்ச மாதிரி பதிவாகுது. எது புதுசோ அது ஜெயிக்கும்னு நான் சொல்லி வச்சிருக்கேன். அதனால ஒவ்வொரு தடவையும் உங்களோடதுதான் ஜெயிக்குது. சாம்பா மேல தப்பே இல்ல."

"சும்மா தெறந்து பாத்தா சேமிக்காதே" என்றாள் நஸ்ரின். "யாரோ வட்டத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிச் சேமிச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் நான் மாத்துறதுக்குச் சரியா முன்னாடி."

கவுண்டர் கணினியில் நான் மட்டும்தான் உட்காருகிறேன் என்பது உண்மை. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

நாளைக் காலையில் வீட்டு ஆட்கள் வருவதற்குமுன் பேனரை மாற்றியாக வேண்டும். அழைக்காத வீட்டு வாசலில் மூஞ்சியைப் பெரிதாக மாட்டிக்கொண்டவன் என்று என் பெயர் தேனி வரைக்கும் நாறிவிடும். அதைவிட, போதுமணி என்ன நினைப்பாள். நஸ்ரின் ராஜாங்கத்தை மறுபடி உட்காரவைத்தாள். மொக்கராசு மெஷினைப் போட்டான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விடிந்தும் விடியாமல் நானும் மொக்கராசுவும் ஏணியோடு மண்டபத்துக்குப் போனோம். யாரும் இல்லை. சமையல்காரர்கள் மட்டும் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏணியில் ஏறி என் காதுப் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தேன். முகத்தில் பாதி மடங்கித் தொங்கியது.

"அதை எதுக்குண்ணே அவுக்குற?"

கீழே போதுமணி நின்றாள். தலையில் ஈரத் துண்டு. ஆறு வருடத்தில் கொஞ்சம் பருத்திருக்கிறாள். குரல் அப்படியே இருக்கிறது.

நான் ஏணியில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். "இல்லத்தா, இது வந்து, மேக்குல ஒண்ணு மாத்துனா விண்டோஸ்ல வேற ஒண்ணு வருது. நடுவுல லினக்ஸ் இருக்கு. அதுல சாம்பான்னு ஒரு..."

"ஆறு வருசமா ஒரு போன் பண்ணத் தெரியல. பத்தடி ஒசரத்துக்கு மூஞ்சியைக் காட்ட மட்டும் தெரியுதாக்கும்."

"அது நான் வைக்கல. கடிகாரம் அரைமணி முன்னால..."

"பேசாத. எறங்கு."

இறங்கினேன். அவள் அழவில்லை. மூக்கை மட்டும் துண்டால் துடைத்தாள். "தாய்மாமன் போட்டோ எங்கன்னு பரமன் அண்ணன் தெனமும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. பொறகு தாரேன், பொறகு தாரேன்னு இழுத்துக்கிட்டே இருந்தேன். நீ வருவேன்னு பாத்தேன். ஒன் வீட்டுக்காரிகிட்டச் சொல்லிவிட்டேன், நீ வாயே தெறக்கலைன்னுச்சு. பொறகுதான் ராஜாங்கண்ணன் போட்டோவக் குடுத்தோம். நேத்து சாயங்காலம் பேனரைப் பாத்துட்டு, இந்தா இந்த எடத்துல உக்காந்து அழுதேன்."

உன் வீட்டுப் பேனருக்கு நான் தினமும் எழுத்துப்பிழை பார்த்தேன் என்று சொல்ல நினைத்தேன். அது அவளுக்குப் புரியாது. "பிள்ளைக்கு அம்மா நெத்தி" என்று மட்டும் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

குபேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். "கலர் நல்லா வந்திருக்கு மச்சான்" என்றார். "எங்க கல்யாணப் பேனர்ல என்னைப் பச்சையா அடிச்சீங்களே, அது மாதிரி இல்ல." அது அன்றைக்கு ஹெட்டில் ஒரு கலர் வராமல் போனதால். லேசான பச்சைதான். இதற்குமுன் இந்த டைரியில் அதை எழுதத் தோன்றவில்லை.

"வாங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் வீட்டு விசேஷத்தில் நான் அவரை வாங்க என்றேன். அவர் சிரித்துவிட்டார். மொக்கராசு யாரும் சொல்லாமலே ஏணியில் ஏறி, அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினான்.

ராஜாங்கம் வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பேனரை அண்ணாந்து பார்த்தவர், "நல்லவேளை, நீ வந்துட்ட. எனக்கு முட்டி வலி, பிள்ளையை மடியில வச்சுத் தாங்க முடியுமான்னு ராத்திரி பூரா தூக்கமில்ல" என்றார். அதற்காக அவரை அப்படியே அனுப்பிவிட முடியுமா. போதுமணிதான் முடிவு சொன்னாள்: "காது ரெண்டு இருக்குல்ல. வலது அவருக்கு, இடது ஒனக்கு."

ஒன்பது மணிக்கு வேணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். தட்டுத்தட்டாகச் சீர். பழம், வெற்றிலை, பட்டுப்பாவாடை, தோடு எல்லாம். எப்போது வாங்கினாள் என்று கேட்டேன். "சரி, சரி, மாலையைப் போடுங்க" என்றாள்.

வலது காது சுலபமாக முடிந்தது. என்ன நடக்கப்போகிறதென்று பிள்ளைக்குத் தெரியாது, ராஜாங்கத்தின் மடியில் ஜிலேபியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊசி இறங்கிய பிறகு மண்டபமே அதிர்ந்தது. அந்த நிலையில்தான் என்னிடம் கொடுத்தார்கள். உதைத்தாள். என் மாலையைப் பிய்த்தாள். ஆசாரி இரண்டு தடவை பின்வாங்கினார். நான் அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தலையில் நல்லெண்ணெய் வாசனை. ஐந்து வருடம் நான் தூக்காத பிள்ளை இவ்வளவு கனமாக இருந்தாள். அவள் அலறினாள், எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை. கை இரண்டும் அவளிடம் இருந்தன.

முடிந்ததும் அவள் தேம்பிக்கொண்டே நிமிர்ந்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீ போர்டுல இருக்கிற மாமாதான?"

"ஆமாத்தா."

"அங்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருக்க. இங்கிட்டு வந்து ஏன் அழுகுற? காது எனக்குத்தான குத்துனாங்க" என்றாள். சொல்லிவிட்டு, தன் பாவாடை நுனியை எடுத்து என் மூக்கைத் துடைத்தாள்.